நீராவியின் குரலும் உழைப்பாளர் குரலும்

1960களில் இங்கிலாந்தின் இசைத்தட்டுக் கடைகளிலே, பீதோவனுக்கும் மோற்சாட்டுக்கும் பக்கத்தில், வேறொரு வகைத் தட்டும் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தது. அதிலே பாட்டில்லை, வாத்தியமில்லை, இசைமேதை எவரின் பெயருமில்லை. மேடொன்றில் மூச்சிரைக்க ஏறும் சரக்குப் புகையிரதத்தின் ஒலி, நள்ளிரவில் தொலைவிலிருந்து வந்து தொலைவிற் சென்று மறையும் எஞ்சினின் ஊதல், தண்டவாள இணைப்புகளிற் சக்கரங்கள் மோதும் தாளம் ஆகியவையே அத்தட்டுகளில் இருந்தன. மக்கள் இவற்றை விலை கொடுத்து வாங்கிச் சென்று, வீட்டிலே இருந்து கேட்டார்கள்.

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது வேலையற்றவர்களின் விநோதமாகத் தோன்றலாம். ஆனால் வரலாற்று மாணவன் இதனைக் கண்டு சிரித்துவிட்டுப் போக முடியாது. ஒரு சமுதாயம் தன் இயந்திரங்களின் ஒலியை எப்பொழுது சேமித்து வைக்க முற்படுகிறது? எதற்காக முற்படுகிறது? அவ்வாறு சேமிக்கும்பொழுது எதனைச் சேர்த்துக்கொள்கிறது, எதனை விட்டுவிடுகிறது? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோமாயின், புகையிரத ஒலிப்பதிவின் கதை ஒரு பொழுதுபோக்கின் கதையாக மாத்திரம் நின்றுவிடாது. அது உழைப்பின் கதையாகவும், உழைப்பாளி வரலாற்றிலே இடம்பெறும் கதையாகவும் விரியும்.

எங்கும் நிறைந்திருக்கும் ஒலியை எவரும் கேட்பதில்லை. நூறாண்டுகளுக்கு மேலாகப் பிரித்தானியாவின் நகரங்களையும் கிராமங்களையும் நீராவி எஞ்சினின் ஓசை சூழ்ந்திருந்தது. 1948 ஜனவரி முதலாந் திகதி அந்நாட்டுப் புகையிரதங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 20,000 நீராவி எஞ்சின்கள் பாதையில் இருந்தன. 1955இல் 1,240 மில்லியன் பவுண் செலவிலான நவீனமயத் திட்டமொன்று வெளியிடப்பட்டது. நீராவிக்குப் பதிலாக டீசலும் மின்சாரமும் வரும் என்பது அன்று உறுதியாயிற்று. 1960 மார்ச்சில் சுவிண்டன் தொழிற்சாலையிலிருந்து 'ஈவ்னிங் ஸ்டார்' என்னும் எஞ்சின் வெளிவந்தது. அரசுடைமைப் புகையிரதப் பகுதி தனக்கெனச் செய்த இறுதி நீராவி எஞ்சின் அதுவே. 1968 ஆகஸ்ட் 11ஆந் திகதியோடு முதன்மைப் பாதைகளில் நீராவிச் சேவை முடிவடைந்தது. திட்டம் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு யுகத்தின் ஒலி ஓய்ந்துவிட்டது.

அந்த ஒலி சாகத் தொடங்கிய அதே காலத்திலேதான் அதனைப் பிடித்து வைக்கும் கருவியும் மனிதன் கைக்கு வந்தது. 1930களில் ஜெர்மனியில் உருவாகிய காந்த ஒலிநாடா, இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஏனைய நாடுகளுக்கும் பரவியது. அதற்கு முன்னர், தட்டிலே ஊசியாற் கீறி ஒலியைப் பதிவதே வழக்கம். அதற்குரிய கருவிகளோ பாரமானவை. ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டியவை. மலைச்சாரலிலும் பாதையோரத்திலும் நின்று பதிவதற்கு ஒலிநாடாவே வழிசெய்தது. புதிய தொழில்நுட்பம் பழைய தொழில்நுட்பத்தின் மரணப் படுக்கையருகே சாட்சியாக அமர்ந்தது எனலாம்.

இந்தப் பணியில் முதன்மையானவர் பீற்றர் ஹான்ட்போர்ட். 1919இல் பிறந்த இவர் தொழிலாற் சினிமா ஒலிப்பதிவாளர். 1944இல் நோர்மண்டிக் கரையில் இறங்கிய படைகளோடு இராணுவப் படப்பிடிப்புப் பிரிவைச் சேர்ந்தவராகச் சென்றவர். நொட்டிங்ஹாம் நகரத்துச் சைக்கிள் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவனின் வாழ்க்கையை எவ்வித பூச்சுமின்றிக் காட்டிய 'சற்றர்டே நைற் அன்ட் சண்டே மோர்னிங்' என்ற 1960ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் ஒலிப்பதிவும் இவருடையதே. பிற்காலத்தில் 'அவுட் ஒஃப் ஆபிரிக்கா' என்னும் படத்துக்காக, வேறு சிலரோடு சேர்ந்து, ஒலிக்கான ஒஸ்கார் பரிசையும் பெற்றார்.

ஆயினும் அவருடைய உள்ளம் பாதையோரத்திலேயே இருந்தது. 1950களின் முற்பகுதியில் 'டிரான்ஸக்கோர்ட்' என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கிப் புகையிரத ஒலிகளைத் தட்டுகளாக வெளியிட்டார். 1960களின் தொடக்கத்திலிருந்து, கவிதைகளையும் நாடகங்களையும் தட்டுகளாக வெளியிட்டுப் பெயர்பெற்ற 'ஆர்கோ' நிறுவனம் அவற்றைப் பரப்பியது. காற்று ஒலிவாங்கியில் மோதினாற் பதிவு கெடும். ஆகாய விமானமோ மோட்டார் வண்டியோ கடந்து சென்றாலும் கெடும். ஓர் எஞ்சின் மேடேறும் சில நிமிடங்களுக்காக இரவு முழுதும் காத்திருக்க வேண்டும். எஞ்சினின் ஓசையை மட்டும் தனியே பிரித்தெடுக்காமல், பறவைகளின் குரல், நிலையத்து ஊழியரின் பேச்சு, சமிக்ஞை அறையின் மணியோசை ஆகிய சூழலோடு சேர்த்தே பதிந்தமை ஹான்ட்போர்ட்டின் சிறப்பாகும். ஒலிக்கும் ஒரு சூழல் உண்டு, அச்சூழலிலிருந்து பிடுங்கியெடுத்தால் அது பொருளிழந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி, அந்த ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும். உருளையினுள்ளே புகுந்து முசலத்தைத் தள்ளிய நீராவி, தன் வேலை முடிந்ததும், ஒடுங்கிய குழாய் வாயொன்றின் வழியாகப் புகைபோக்கியை நோக்கிப் பாய்ந்து வெளியேறுகிறது. அந்தப் பாய்ச்சலே நாம் கேட்கும் 'சக்' என்னும் அடி. முசலத்தின் இருபுறமும் நீராவி மாறி மாறித் தள்ளுவதால், இரண்டு உருளைகளையுடைய எஞ்சினிலே பெருஞ்சக்கரம் ஒருமுறை சுழல நான்கு அடிகள் கேட்கும். மூன்று உருளைகள் இருப்பின் ஆறு அடிகள் கேட்கும். பழகிய காது, எஞ்சினைக் காணாமலே அதன் வகையைக் கண்டுகொள்ளும். வால்வுகள் சரியாகப் பொருத்தப்படாவிடின் அடிகள் நொண்டும். கொட்டகைத் தொழிலாளி அதைக் கேட்டே குறையை அறிந்துகொள்வான்.

இங்கே முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியே பாயும் நீராவி, புகையையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அதனால் அடுப்பினுள்ளே காற்றுப் புகுந்து நெருப்பு மூளுகிறது. எஞ்சின் எவ்வளவு பாரத்தை இழுக்கிறதோ அவ்வளவுக்கு நீராவி வெளியேறும். அவ்வளவுக்கு நெருப்பு எரியும். அவ்வளவுக்கு நிலக்கரி வேண்டும். அந்த நிலக்கரியைச் சவளால் அள்ளி, வெம்மை தெறிக்கும் அடுப்பு வாயினூடே, உரிய இடம் பார்த்து வீசுபவன் ஒரு மனிதன். 'பயர்மன்' என்று அவனுக்குப் பெயர். ஒருவனால் நீண்ட நேரம் தொடர்ந்து போடக்கூடிய நிலக்கரியின் எல்லை மணிக்கு ஏறத்தாழ 3,000 இறாத்தல் என்பது எஞ்சினியர்களின் கணக்கு. அதற்குமேல் வேகம் வேண்டுமாயின் மனித உடல் இடங்கொடாது. எஞ்சினின் வலுவுக்கு எல்லை வகுத்தது அதன் இரும்பு மட்டுமன்று. அந்த மனிதனின் முதுகெலும்புந்தான்.

1928இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு, சுமார் 393 மைல் தூரம், இடையில் எங்கும் நில்லாமல் ஓடும் சேவை தொடங்கியபோது இவ்வுண்மை நன்கு புலனாயிற்று. எஞ்சின் அவ்வளவு தூரம் ஓட வல்லதாயிருந்தது, மனிதன் அவ்வாறில்லை. எனவே இரண்டு சோடி ஊழியர்களை ஏற்றி, நிலக்கரிப் பெட்டியின் பக்கமாக ஓர் ஒடுங்கிய நடைபாதை அமைத்து, பாதி வழியில் அவர்களை மாற்றினார்கள். அந்தப் பெட்டி கொண்டது 9 தொன் நிலக்கரி. முதலாம் வகுப்பிலே தேநீர் அருந்தியவாறு ஸ்கொட்லாந்துக்குச் சென்ற பிரபுக்களின் செவியில் விழுந்த இனிய தாளம், இரு மனிதர்கள் முறைவைத்து அள்ளி வீசிய நிலக்கரியின் எதிரொலியே.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். அந்த நிலக்கரியை நிலத்துக்கடியிலிருந்து வெட்டியெடுத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். கொதிகலத்தின் தகடுகளை ஆணியடித்துப் பொருத்தியவர்கள் பட்டறைத் தொழிலாளர்கள். 1886இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தோமஸ் பார், கொதிகலம் செய்யும் தொழிலாளர் நூறு பேரின் செவிகளைப் பரிசோதித்தார். அந்த நூறு பேரில் ஒருவருக்கேனும் இயல்பான கேள்விப்புலன் இருக்கவில்லை. தகட்டினுள்ளே குந்தியிருந்து ஆணியைத் தாங்கிப் பிடிப்பவனின் காதுக்கு அருகிலேயே சம்மட்டி விழுந்தது; சில ஆண்டுகளில் அவன் உலகம் மௌனமாயிற்று. நீராவியின் ஒலியை உலகுக்கு வழங்கியவர்களில் ஒரு பகுதியினர் தமது செவியையே அதற்கு விலையாகக் கொடுத்தார்கள். இசைத்தட்டின் உறையிலே எஞ்சினின் இலக்கம் உண்டு. அது கட்டப்பட்ட ஆண்டு உண்டு. இந்த விலை மாத்திரம் அங்கே பொறிக்கப்படவில்லை.

புகையிரதத்தின் ஒலிகளிற் பல, வெறும் ஓசைகளல்ல. அவை தொழிலாளருக்கிடையே வழங்கிய ஒரு மொழி என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பேர்மிங்ஹாமுக்குத் தெற்கே புரொம்ஸ்குரோவ் என்னுமிடத்தில் லிக்கி ஏற்றம் உள்ளது. இரண்டு மைல் தூரத்துக்கு, ஏறத்தாழ 38 அடிக்கு ஓரடி வீதம் பாதை உயர்கிறது. பிரித்தானியாவின் முதன்மைப் பாதைகளிலே இடைவிடாது நீளும் ஏற்றங்களில் இதுவே மிகச் செங்குத்தானது. எனவே பாரமான வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுவதற்குத் துணை எஞ்சின்கள் அங்கே காத்திருந்தன. அதற்கெனவே பத்துச் சக்கரங்களை இணைத்துச் செய்யப்பட்ட பேரெஞ்சின் ஒன்று 1919 முதல் 1956 வரை உழைத்தது.

முன்னால் இருக்கும் சாரதிக்கும் பின்னால் இருக்கும் சாரதிக்கும் இடையே நீண்ட வண்டித்தொடர் நிற்கும். ஒருவர் முகத்தை மற்றவர் காணார். முன்னவர் ஊதுவார்; பின்னவர் பதிலுக்கு ஊதுவார்; பின்னர் இரு எஞ்சின்களும் ஒருங்கே வலுவைக் கொடுக்கும். அந்த ஊதல்களும், ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் ஒலிக்கும் இரு எஞ்சின்களின் அடிகளும் ஒலிப்பதிவாளர்களைப் பெரிதும் கவர்ந்தன. சமிக்ஞை அறைகளிலும் இவ்வாறே. மணியின் ஒற்றை அடி 'கவனி' என்று அடுத்த அறையிலுள்ளவனை அழைக்கும். ஆறு அடிகள் 'பாதையில் அபாயம்' என்று அலறும். இந்த மொழியை அறியாதவன் அதனை இசையாகக் கேட்பான். அறிந்தவனோ, ஒருவரையொருவர் காணாமலே ஒருவரின் உயிருக்கு மற்றவர் பொறுப்பேற்ற மனிதர்களின் உரையாடலாக அதனைக் கேட்பான்.

ஹான்ட்போர்ட்டின் தட்டுகள் இந்த மொழியை நமக்குக் காத்துத் தந்தன. அதற்காக நாம் அவருக்கு நன்றியுடையோம். எனினும் ஒரு குறை உண்டு. பாதையோரத்தில் நிற்கும் ஒலிவாங்கிக்கு எஞ்சினின் மூச்சுக் கேட்கும்; அதனுள் நிற்பவனின் மூச்சுக் கேளாது. கூலியைப் பற்றியும் வேலைநேரத்தைப் பற்றியும் அவன் என்ன நினைத்தான் என்பது அதற்கு எட்டாது. 1955 மே 28ஆந் திகதி, எஞ்சின் சாரதிகளும் பயர்மன்களும் தமது திறமைக்கேற்ற ஊதிய வேறுபாட்டைக் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பதினேழு நாட்கள் அது நீடித்தது. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. அந்த நாட்களில் லிக்கி ஏற்றத்தருகே ஒருவன் நின்றிருப்பின், எஞ்சின்களின் ஆரவாரத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் குருவிகளின் குரலையே கேட்டிருப்பான். புகையிரதத்தின் ஒலியை யார் உண்டாக்குகிறார்கள் என்பதை அந்த மௌனம் நாடெங்கும் அறிவித்தது. ஆனால் மௌனத்தைத் தட்டிலே பதிந்து விற்க முடியாதன்றோ!

ஒலிக்கும் அதனைப் பிறப்பிப்பவனுக்கும் உள்ள உறவு பற்றி, அக்காலத்தில் இரு வேறு நோக்குகள் இருந்தன. முதலாவது நோக்கு பாரிஸ் நகரிலே தோன்றியது. பிரெஞ்சு வானொலியிற் பணிபுரிந்த பியர் ஷெபர் என்பவர், 1948இல் பற்றிஞ்ஞோல் புகையிரத நிலையத்துக்குச் சென்று எஞ்சின்களின் ஊதலையும் மூச்சையும் சக்கர ஓசையையும் தட்டுகளிற் பதிந்தார். அவற்றை வெட்டியும் திருப்பித் திருப்பி ஒலிக்கச் செய்தும், சில நிமிடங்களே நீடிக்கும் ஓர் ஆக்கத்தை உருவாக்கினார். அவ்வாண்டு அக்டோபர் 5ஆந் திகதி அது வானொலியில் ஒலிபரப்பாயிற்று. பதிவுசெய்த ஓசைகளையே மூலப்பொருளாகக் கொண்ட புதிய இசைக்கு அது தொடக்கமாக அமைந்தது. ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை மறந்து ஒலியை ஒலியாகவே கேட்க வேண்டும் என்பதே ஷெபரின் வேட்கை. கேட்கும் ஆற்றலை அவர் கூர்மைப்படுத்தினார் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், மூலத்தை மறக்கச் சொல்லும் கலைக்கும், உழைத்தவனை மறந்து பண்டத்தை மட்டும் காணும் சந்தைக்கும் இடையே ஓர் ஒற்றுமை இருப்பதை நாம் காணாதிருக்க முடியாது.

இரண்டாவது நோக்கு, பத்தாண்டுகளின் பின்னர், இங்கிலாந்தின் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து பிறந்தது. அதன் பின்னணியில் ஓர் உயிர்த்தியாகம் உண்டு.

1957 பெப்ரவரி 9ஆந் திகதி, ஸ்டொக்போர்ட் நகரத்து எட்ஜ்லி கொட்டகையைச் சேர்ந்த ஜோன் அக்ஸன் என்னும் ஐம்பத்தாறு வயதுச் சாரதி, பக்ஸ்டன் நகரிலிருந்து சரக்கு வண்டியொன்றைச் செலுத்தி வந்தார். மலைப்பாதையின் உச்சியை நெருங்கும்போது, பிரேக்குக்கு நீராவி கொண்டுசெல்லும் குழாயின் இணைப்பு விட்டது. கொதிக்கும் நீராவி சாரதியின் அறையெங்கும் நிறைந்தது. பிரேக் செயலிழந்தது. நீராவியை முற்றாக நிறுத்தும் கைப்பிடியை அணுக முடியவில்லை. பின்னாலிருந்து தள்ளிய துணை எஞ்சினுக்கோ முன்னால் நடப்பது தெரியாது, அது தள்ளிக்கொண்டேயிருந்தது. அக்ஸன் தமது பயர்மனைக் கீழே குதித்துப் பெட்டிகளின் கைப்பிரேக்குகளை இயன்றவரை இறுக்குமாறு பணித்தார். தாமும் குதித்து உயிர்தப்பியிருக்கலாம். அவர் குதிக்கவில்லை. எஞ்சினின் வெளிப்புறத்துப் படியைப் பற்றியவாறு, நீராவி உடலைச் சுடச் சுட, வேகத்தைக் கட்டுப்படுத்த முயன்றும் வழியிலுள்ளோரை எச்சரித்தும் இறக்கத்திற் சென்றார். சப்பல்-என்-லெ-ஃபிரித் என்னுமிடத்தில், முன்னே சென்ற வேறொரு சரக்கு வண்டியின் பின்புறத்தில் எஞ்சின் மோதியது. அக்ஸனும் அவ்வண்டியின் கார்ட்டும் மாண்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் அக்ஸனுக்கு ஜோர்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது.

விருதோடு கதை முடிந்திருக்கும். வீரன் ஒருவனின் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டு மறக்கப்பட்டிருக்கும். ஆனால் பி.பி.சி.யின் பேர்மிங்ஹாம் நிலையத்திற் பணியாற்றிய சார்ள்ஸ் பார்க்கர், இதனை வானொலிச் சித்திரமாக்க விரும்பினார். அதற்காக அவர் நாடியது யுவன் மக்கோலை. மக்கோல் சல்பேர்ட் நகரத்து இரும்பு வார்ப்புத் தொழிலாளியின் மகன், பொதுவுடைமைவாதி, நாடகாசிரியர், நாட்டுப்பாடற் கலைஞர். இருவரும் எடுத்துச் செல்லக்கூடிய ஒலிநாடாக் கருவியோடு அக்ஸனின் தோழர்களிடமும் மனைவியிடமும் சென்றனர். கொட்டகையிலும் எஞ்சினிலும் வீட்டிலும் பதிந்தனர். நாற்பது மணிநேரத்துக்கு மேற்பட்ட பேச்சும் ஒலிகளும் சேர்ந்தன.

அக்கால வழக்கப்படி, தொழிலாளரின் வார்த்தைகளை எழுதியெடுத்து, நடிகர்களைக் கொண்டு பேசவைத்திருக்க வேண்டும். உழைப்பாளியின் உச்சரிப்பு வானொலிக்கு உகந்ததல்ல என்பது அன்றைய எண்ணம். பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட மக்கோல், இந்தக் குரல்களுக்கு மாற்றாக எந்த நடிகனும் நிற்க முடியாது எனக் கண்டார். எஞ்சினோடு நாற்பதாண்டு வாழ்ந்தவன் அதைப் பற்றிப் பேசும்போது, அவன் பேச்சின் ஏற்ற இறக்கத்திலேயே எஞ்சினின் தாளம் புகுந்திருந்தது. எனவே தொழிலாளரின் சொந்தக் குரலையே வைத்து, அதனோடு எஞ்சினின் ஒலிகளையும், மக்கோல் புதிதாக இயற்றிய பாடல்களையும், பெகி சீகர் அமைத்த இசையையும் பின்னினார்கள். 'த பலட் ஒஃப் ஜோன் அக்ஸன்' என்னும் அந்த நிகழ்ச்சி 1958 ஜூலை 2ஆந் திகதி ஒலிபரப்பாகியது.

வானொலி வரலாற்றிலே இது ஒரு திருப்பம். சவளின் உரசலும் அடுப்பின் முழக்கமும் இங்கே அழகுக்காகச் சேர்க்கப்படவில்லை. பேசுபவனின் வாழ்க்கைக்கு அவை சாட்சியாக நின்றன. ஒலி தன் மூலத்தோடு மீண்டும் சேர்ந்தது. 1964 வரை இந்த வரிசையில் எட்டு நிகழ்ச்சிகள் உருவாயின. நெடுஞ்சாலை அமைத்தோர், மீனவர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோர் அவற்றிலே பேசினர். மீனவரைப் பற்றிய நிகழ்ச்சி 1960இல் இத்தாலியப் பரிசை வென்றது. 1961இல் ஒலிபரப்பான 'த பிக் ஹியூவர்', எஞ்சினின் அடுப்புக்கு நிலக்கரி வெட்டியவர்களின் குரலை ஒலிக்கச் செய்தது. அக்ஸனைப் பற்றிய நிகழ்ச்சியை 1965இல் இசைத்தட்டாக வெளியிட்டதும், ஹான்ட்போர்ட்டின் எஞ்சின் ஒலிகளைப் பரப்பிய அதே ஆர்கோ நிறுவனமே. எஞ்சினின் குரலும் எஞ்சின் சாரதியின் குரலும் ஒரே பெயர்ப்பட்டியலில் அருகருகே இடம்பெற்றன. வாங்குவோன் இரண்டையும் சேர்த்துக் கேட்டிருந்தால், வரலாறு முழுமையாக அவன் செவியில் விழுந்திருக்கும்.

1968இன் பின் நடந்தவை வேறு. கொட்டகைகள் மூடப்பட்டன, எஞ்சின்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. தெற்கு வேல்ஸில் உள்ள பரி என்னும் துறைமுக நகரத்து இரும்புக் கடையொன்றின் வெளியிலே நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் துருப்பிடித்து நின்றன. அவற்றுள் 213 எஞ்சின்களை ஆர்வலர்கள் ஒவ்வொன்றாக மீட்டார்கள். முன்னரே 1951இல் வேல்ஸின் தல்லித்லின் பாதையையும், 1960இல் சசெக்ஸின் புளூபெல் பாதையையும் தொண்டர்கள் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கியிருந்தனர். இன்று பிரித்தானியாவில் பேணப்பட்ட பாதைகள் பலவற்றிலே நீராவி எஞ்சின்கள் ஓடுகின்றன. ஒலிவாங்கியோடு அங்கே செல்வோரும் பலர்.

ஆனால் அங்கே பதியப்படும் ஒலி பழைய ஒலிதானா? எஞ்சின் அதே எஞ்சின்; நீராவியும் அதே நீராவி. எனினும், பேணப்பட்ட பாதைகளிற் பெரும்பாலானவற்றில் மணிக்கு 25 மைலுக்கு மேற்பட்ட வேகத்துக்கு அனுமதியில்லை. இழுப்பது உல்லாசப் பயணிகள் அமர்ந்த சில பெட்டிகளை. நாம் முன்னர் கண்டதுபோல, எஞ்சினின் அடி அது சுமக்கும் பாரத்தைப் பொறுத்தது. நூற்றுக்கணக்கான தொன் நிலக்கரியை மேட்டிலே இழுக்கும் எஞ்சினின் அடி, வானைப் பிளப்பது போன்றது; ஆறு பெட்டிகளோடு மெல்லச் செல்லும் எஞ்சினின் அடி வெறும் முணுமுணுப்பு. சுமை போனதும் குரலும் மாறிவிட்டது. அன்றைய பதிவுகளை இன்றைய பதிவுகளோடு ஒப்பிட்டுக் கேட்கும் எவரும் இதனை உணரலாம். உழைப்பின் ஒலிக்கும் உழைப்பை நடித்துக் காட்டுவதன் ஒலிக்கும் உள்ள வேறுபாடு அது. அன்று கூலிக்காகச் சவள் பிடித்தார்கள். இன்று ஒருநாள் சவள் பிடித்துப் பார்ப்பதற்குப் பணம் கொடுப்போரும் உளர்.

இதனாற் பேணுவோரின் பணியை நாம் இழிவாக எண்ணலாகாது. கொதிகலத்தைப் பழுதுபார்க்கவும், நெருப்பை மட்டாக எரிக்கவும், வால்வுகளைக் காதாற் கேட்டுச் சரிசெய்யவும் தெரிந்த கைகள் அங்கேதான் இன்னும் பயிற்றப்படுகின்றன. ஊதியமின்றி, விடுமுறை நாட்களில் எண்ணெயிலும் கரியிலும் புரளும் அத்தொண்டர்கள் போற்றத்தக்கவர்கள். ஓய்வுபெற்ற சாரதிகள் தமது கைப்பழக்கத்தை இளைஞருக்கு ஒப்படைத்ததும் அங்கேதான். ஆயினும், அழகிய ஒலியும் பளபளக்கும் பித்தளையும் மட்டும் எஞ்சி, சாம்பற்குழியும் நள்ளிரவு வேலையும் வேலைநிறுத்தமும் நினைவிலிருந்து மறையுமாயின், பழமை பேணல் என்பது பழமையைப் பொய்யாக்குவதாகவே முடியும். ஹான்ட்போர்ட்டின் பதிவுகள் யோர்க் நகரத்துத் தேசியப் புகையிரத நூதனசாலையிலும், பார்க்கரின் ஒலிநாடாக்கள் பேர்மிங்ஹாம் நூலகத்திலும் இன்று உள்ளன. வரலாற்று மாணவன் இரண்டு வாசல்களையும் தட்ட வேண்டியவன்.

இவை தொலைதூர நாட்டுச் செய்திகளென நாம் ஒதுக்கிவிட முடியாது. 1864இன் இறுதியிற் கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸவுக்கும் இடையே முதற் புகையிரதம் ஓடியது முதல், கோப்பியையும் தேயிலையையும் மலையிலிருந்து துறைமுகத்துக்கு இழுத்தவை பிரித்தானியப் பட்டறைகளிற் பிறந்த நீராவி எஞ்சின்களே. அவற்றை ஓட்டியும் பழுதுபார்த்தும் வாழ்ந்த தொழிலாளர் 1912இல் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1923இல் கொழும்பு நகரையே உலுக்கிய பொது வேலைநிறுத்தமும் புகையிரதத் தொழிலாளரிடமிருந்தே தொடங்கியது. இந்நாட்டிலும் நீராவியின் இடத்தை டீசல் எப்போதோ பிடித்துவிட்டது. எஞ்சிய ஒன்றிரண்டு எஞ்சின்கள் உல்லாசப் பயணிகளுக்காக எப்போதாவது ஊதுகின்றன. அந்த ஊதலைப் பதிவது எளிது; கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவராலும் இன்று அது இயலும்.

நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அதனோடு நின்றுவிடாதிருப்பார்களாக. அந்தப் பாதைகளிலே சவள் பிடித்தவர்களிலும், பட்டறையிலே சம்மட்டி பிடித்தவர்களிலும் சிலர் முதியவர்களாய் நம் ஊர்களில் இருக்கக்கூடும்; அவர்களின் பிள்ளைகள் நிச்சயமாக இருக்கிறார்கள். இரும்பு நூதனசாலையிலே காத்து நிற்கும். மனிதன் காத்து நிற்கமாட்டான். எஞ்சினின் ஊதலைப் பதியச் செல்பவர், திரும்பும் வழியில் அந்த முதியவரின் வாசற்படியிலும் சிறிது நேரம் அமர்ந்து, கருவியை அவர் முன்னே வைத்து, "ஐயா, அந்த நாளில் வேலை எப்படி இருந்தது?" என்று கேட்கட்டும்.